பட்டறைப் பக்கம்: தண்ணீர் எங்கே போகும்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். சிப்காட் என்கிற அரசுத் தொழிற்பேட்டை வருகிறதாமே, தொழிற்பூங்கா வருகிறதாமே, நல்லதா கெட்டதா? ஆசிரியரும் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எழுதுங்கள் என்றார். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, ஐடிஐ டர்னர். ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்பேட்டை ஷெட்டில் 27 வருடம் லேத்தும் வெல்டிங்கும் போட்டுப் பிழைத்தவன். இப்போது பட்டறையைத் தங்கச்சி மகன் பார்க்கிறான். நான் சாயந்திரம் போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, அவன் செய்வதில் குறை சொல்லிவிட்டு வருகிறேன்.

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். அந்த ஊர் கவுன்சில் "என்டர்பிரைஸ் ஸோன்" என்று ஒன்று கொண்டுவரப் போகிறதாம். அதற்குள் இடம் பிடித்துச் சின்னதாக ஒரு தொழில் தொடங்கலாமா என்று கேட்கிறான். இது நம் சிப்காட் மாதிரியா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, காட்பாடி)

பதில்: இல்லை டீச்சர், வேறு மாதிரி. நம் ஊரில் அரசாங்கமே நிலத்தை எடுத்து, ரோடு போட்டு, மனை பிரித்து, கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்கிறது. அங்கே நிலம் பெரும்பாலும் யாருடையதோ அவரிடமே இருக்கும். வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, இதற்குள் தொழில் வைத்தால் வரியில் சலுகை, கட்டட அனுமதியும் சுலபம் என்று அறிவித்துவிடுவார்கள்.

இந்தத் திட்டத்தை 1980 பட்ஜெட்டில் ஜெஃப்ரி ஹவ் என்ற பிரிட்டன் நிதியமைச்சர் அறிவித்தார், 1981ல் முதல் மண்டலங்கள் வந்தன. பத்து வருடத்துக்குக் கட்டட வரி கிடையாது. கட்டடத்துக்குப் போட்ட முதலீட்டை முழுசாக வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். லண்டனில் கப்பல் வராமல் செத்துப்போயிருந்த துறைமுகப் பகுதி ஒன்றுக்கும் 1982ல் இந்தச் சலுகை கிடைத்தது. இன்றைக்கு அங்கேதான் கேனரி வார்ஃப் கட்டடங்கள் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. 2011ல் அப்போதைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் இந்தத் திட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார். அப்போது வருடத்துக்கு 55,000 பவுண்டு வரை, ஐந்து வருடத்துக்கு வரித் தள்ளுபடி. மண்டலத்துக்குள் கூடுகிற கட்டட வரியை 25 வருடம் அந்தந்த வட்டாரமே வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் சுற்றில் இரண்டு விஷயம் நடந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கடை, சலுகைக்காகக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது. அதையும் புது வேலை என்றே எண்ணினார்கள். இன்னொன்று, வரி இல்லை என்றதும் கட்டட முதலாளிகள் வாடகையை ஏற்றிவிட்டார்கள். தொழில் செய்பவனுக்குக் கொடுத்த சலுகையில் ஒரு பங்கு நிலம் வைத்திருந்தவன் பைக்குப் போனது. இந்த வித்தையை வெள்ளைக்காரனிடம்தான் கற்கவேண்டும் என்றில்லை, நம் காட்பாடி ரோட்டிலும் நடக்கும்.

மகனிடம் சொல்லுங்கள்: சலுகை எவ்வளவு, எத்தனை வருடம் என்பதை கவுன்சில் தாளிலேயே பார்க்கட்டும். அப்புறம், அவன் பார்த்து வைத்திருக்கிற அதே கட்டடத்துக்குப் போன வருடம் என்ன வாடகை என்று பக்கத்துக் கடையில் விசாரிக்கட்டும். சலுகை முடிகிற வருடத்து வரியை இன்றைக்கே கணக்கில் எழுதிப் பார்த்து, அப்போதும் நஷ்டம் வராது என்றால் போகட்டும்.

கேள்வி: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் வேலூரைச் சொல்வார்கள். "தொழில் இல்லாத தொழிற்பேட்டை" என்பதையும் சேர்த்துக்கொள்ளலாமா?
(வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: பட்டியல் பழசாகிவிட்டது. ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பேட்டையில் பூட்டின ஷெட் இருப்பது உண்மைதான். ஆனால் பக்கத்து ஷெட்டில் ராத்திரி பத்து மணிக்கும் வெல்டிங் பொறி பறக்கிறது. பூட்டினவர் ஏன் பூட்டினார் என்று கேளுங்கள். பாதிப் பேர் வராத பாக்கியைத்தான் சொல்வார்கள். அதற்கு ஒரு பட்டறைக்காரர் தனியாகக் கேள்வி அனுப்பியிருக்கிறார், கீழே வருகிறது.

கேள்வி: நான் நெமிலி பக்கம் ஓர் ஊராட்சியில் வார்டு உறுப்பினர். பனப்பாக்கத்தில் கார் ஆலை, ஷூ ஆலை என்று வருகிறது. எங்கள் ஊரை ஒட்டியும் நிலம் அளப்பார்கள் என்று பேச்சு. கிராம சபையில் நாங்கள் என்ன கேட்கவேண்டும்? எங்கள் ஊராட்சிக்கு என்ன கிடைக்கும்?
(வார்டு உறுப்பினர், ராணிப்பேட்டை மாவட்டம்)

பதில்: உறுப்பினர் அம்மாவுக்கு வணக்கம். இந்த மாதக் கடிதங்களில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். கோடியைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீங்கள் கேட்கவில்லை.

ஆனாலும் கோடிக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுவோம். 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய டாடா கார் ஆலைக்கு முதலீடு 9,000 கோடி. நேரடியாகவும் மறைமுகமாகவும் 5,000 பேருக்கு வேலை என்றார்கள். அதே வருடம் டிசம்பரில் அடிக்கல் நாட்டிய தைவான் கம்பெனி ஷூ ஆலைக்கு 1,500 கோடி, வேலை 25,000. பட்டறைச் சுவரில் சாக்பீஸால் வகுத்துப் பார்த்தேன். காரில் ஒரு வேலைக்கு 1 கோடியே 80 லட்சம், ஷூவில் ஒரு வேலைக்கு 6 லட்சம். கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. காருக்கு ஆயிரம் உதிரி வேண்டும், அதில் நாலு உதிரியாவது நம் லேத்துக்கு வந்தால் சந்தோஷம். ஆனால் மேடையில் கோடி பெரிதாகக் கேட்கும்போது, அந்தக் கோடி ஆளுக்கா மெஷினுக்கா என்று உடனே வகுத்துப் பார்க்கிற பழக்கம் நல்லது.

ஊராட்சிக்கு நேராக வருவது கட்டடங்களுக்கான வரியும் தொழில் வரியும். தொழில் வரி ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று அரசியல் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. மேலே டீச்சர் மகன் ஊர்க் கதையில், வளரும் வரியை 25 வருடம் அந்த வட்டாரமே வைத்துக்கொள்ளலாம் என்று படித்தீர்கள் அல்லவா? நம் ஊராட்சியிடம் அப்படி ஒரு கணக்கை யாரும் நீட்டமாட்டார்கள். ஆலைக்கு வரும் லாரி உங்கள் ரோட்டில்தான் வரும், வேலைக்கு வரும் ஆள் உங்கள் தெருவில்தான் வாடகைக்கு இருப்பார், குப்பையும் உங்கள் ஊரில்தான் சேரும். இதற்கெல்லாம் யார் பணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும்?

இதை நான் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், நான் பிழைத்த ஊர் அப்படி. சிப்காட் 1971ல் பிறந்தது. அதன் முதல் பேட்டைகளில் ஒன்று ராணிப்பேட்டை. தோல் வந்தது, ரசாயனம் வந்தது, பாய்லர் வந்தது. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அதனால்தான், நன்றி கெட்டுப் பேசமாட்டேன். ஆனால் தண்ணீர் வந்த வழியைப் பார்த்தவர்கள் போகும் வழியைப் பார்க்கவில்லை. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் உப்போடும் குரோமியத்தோடும் பாலாற்றுப் பக்கம் போனது. வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவர்தான் செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் நம் வேலூர் பெயரைச் சொல்லித்தான் பாடம் எடுக்கிறார்கள். நமக்கு இப்படி ஒரு பெருமை. அதே பாலாறு, அதே தோல் கழிவு. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போடவேண்டி வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ராணிப்பேட்டையில் ஒரு குரோமியம் ரசாயன ஆலை மூடப்பட்டது. ஆலை போனது, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவு மலை மட்டும் அப்படியே கிடந்தது. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் சைக்கிளில் போனால், பள்ளத்தில் தேங்கின தண்ணீர் மஞ்சள் கரைத்த மாதிரி இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன், "அண்ணே, யாரோ மஞ்சத் தண்ணி ஊத்திட்டாங்களா?" என்று கேட்டான். 2006ல் உலகத்திலேயே மிகவும் மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு அமெரிக்க அமைப்பு போட்ட பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது. 2015 ஜனவரி 31 விடிவதற்குள், கழிவுநீர் சுத்திகரிக்கிற இடத்தில் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் மேல் கொட்டியது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

பெரிய விஷயத்தை விடுங்கள். நான் ஷெட் எடுத்த பேட்டையில் மழைநீர்க் கால்வாய் எங்கள் ஷெட் தரையைவிட அரை அடி உயரம். தரை போட்டது ஒரு வருடம், கால்வாய் கட்டியது இன்னொரு வருடம், ரசமட்டக் குழாயை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. ஐப்பசி அடைமழையில் கால்வாய்த் தண்ணீர் எங்கள் ஷெட்டுக்குள் வந்து இளைப்பாறிவிட்டுப் போகும். லேத் மோட்டாரை இரும்பு ஸ்டூல் மேல் தூக்கி வைத்துத்தான் தீபாவளி லீவு விடுவோம். 27 வருடம் மனு கொடுத்தேன். மூன்று ரூபாய் ஸ்டாம்ப் காலத்திலிருந்து ஆன்லைன் மனு காலம் வரை.

அதனால் கிராம சபையில் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் லிட்டர், எந்த ஏரி, எந்த ஆறு, எந்தக் குழாய்? வெளியே வரும் தண்ணீர் எந்தச் சர்வே எண் வழியாகப் போகும்? ஆலைகள் சிவப்பு வகையா, ஆரஞ்சா, பச்சையா, வெள்ளையா? இந்த நிறங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்தவை, சிவப்புதான் அதிக மாசு. தோல் பதனிடுவது சிவப்பில் வரும். பதனிட்ட தோலை வாங்கி ஷூ தைப்பது வேறு கதை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளவேண்டாம். ஆறு, ஏரி மாதிரி நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிக மாசுத் தொழில் கூடாது என்று 1989லேயே அரசாணை இருக்கிறது. எண் 213, குறித்துக்கொள்ளுங்கள். கிராம சபை வருடத்துக்கு ஆறு. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக் கூட்டம். கோலப் போட்டி வைத்து முடித்துவிடாமல் அன்றைக்கே கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டரை ஏக்கர் கொல்லை, ஒரு கிணறு. சிப்காட் எடுக்கப்போகிறது, இப்போதே கொடுத்தால் நல்ல விலை என்று ஒரு புரோக்கர் தினமும் வருகிறார். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பவர் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது.
(விவசாயி, காவேரிப்பாக்கம்)

பதில்: ஐயா, பவர் மட்டும் கொடுக்காதீர்கள். இதை மூன்று முறை சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் எடுப்பதாக இருந்தால் பட்டாவில் யார் பெயரோ அவருக்குத்தான் நோட்டீஸ் வரும். தாத்தாவுக்கு வந்து என்ன பிரயோசனம்? வாரிசுச் சான்று வாங்கி, பங்காளிகளோடு உட்கார்ந்து பேசி, பட்டாவை முதலில் மாற்றுங்கள். பங்காளிச் சண்டை இருந்தால் பணம் கோர்ட்டில் போய் உட்காரும். யூ.டி.ஆர். என்கிற நிலப் பதிவேட்டுத் திருத்தத்தில் உங்கள் நிலத்தைத் தவறாக எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் தாலுகா ஆபீசில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நல்ல பட்டா நிலமே அனாதீனம், அதாவது உரிமையாளர் இல்லாத நிலம் என்று கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நம் மாநிலத்தில் தொழிலுக்காக நிலம் எடுக்க 1997ல் போட்ட தனிச் சட்டம் இருக்கிறது. இழப்பீடு 2013ஆம் வருட மத்தியச் சட்டக் கணக்குப்படி. சந்தை விலைக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. இதில் சூட்சுமம், சந்தை விலை என்பது சுற்றுவட்டாரத்தில் முன் மூன்று வருடத்தில் பதிவான பத்திரங்களை வைத்துப் பார்ப்பது. முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து ஊரே பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதியிருந்தால், அது இப்போது திரும்பி வந்து கடிக்கும். கிணறு, மோட்டார், தென்னை எல்லாவற்றுக்கும் தனியாக மதிப்பு உண்டு. ஒவ்வொரு மரத்தையும் எண்ணி, பேரப்பிள்ளையை விட்டுப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கவே விருப்பம் இல்லை என்றால், நோட்டீசில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். செய்யாறு மேல்மா பக்கம் 2023ல் விளைநிலத்தைக் கொடுக்கமாட்டோம் என்று உட்கார்ந்தவர்கள் மேல் குண்டர் சட்டம் பாய்ந்து, பெரிய எதிர்ப்பு வந்தபிறகு அரசாங்கம் பின்வாங்கியது. நிலத்துக்காரனைக் குண்டர் என்றது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஊருக்கே ஷூ கம்பெனி வேன் வருகிறது. அனுப்பலாமா? சொந்தக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள்.
(ஒரு தாய், கலவை)

பதில்: வேண்டாம் என்கிற சொந்தக்காரர்கள் மாதச் செலவுக்குப் பணம் தருவதாக இருந்தால் அவர்கள் பேச்சைக் கேட்கலாம். செய்யாறு ஷூ கம்பெனிகள் வந்தபிறகு, எங்கள் தெருவிலிருந்தே நாலு பெண்கள் போனார்கள். விடியும் முன் டிபன் பாக்ஸோடு வேனுக்கு நிற்பார்கள். அதில் ஒருத்தி சம்பளத்தில் வீட்டுக்கு மாடி எழும்பியது. ஒருத்தி கழுத்து வலி என்று ஒன்றரை வருடத்தில் நின்றுவிட்டாள். இரண்டும் நடக்கும் அம்மா.

வேலைக்குச் சேர்ந்த மாதமே பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ. அட்டையும் வந்ததா பாருங்கள். இ.எஸ்.ஐ.க்குப் பிடிப்பது ஆயிரத்துக்கு ஏழரை ரூபாய்தான், குடும்பத்துக்கே வைத்தியம். நேரடியாகக் கம்பெனியா, காண்ட்ராக்டர் பெயரிலா என்பதைச் சம்பளச் சீட்டில் பாருங்கள். நாளைக்குக் கல்யாணம் ஆனாலும், 26 வாரப் பிரசவ விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்கவேண்டும் என்பதும் சட்டம்தான். தபால் வழியில் பட்டம் படிக்கச் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்க ஆசை. எங்கள் கிராமத்திலேயே செய்யலாமா, தொழிற்பேட்டையில் ஷெட் எடுக்கவேண்டுமா? மானியம் எப்படிக் கிடைக்கும்? நான் பி.சி. பிரிவு.
(இளைஞர், குடியாத்தம் அருகில்)

பதில்: தம்பி, பெட்டி காற்றடைத்த சரக்கு. எடை இல்லை, இடம்தான் அடைக்கும். லாரி வாடகை தின்றுவிடும். வாங்குபவனுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் உங்களுக்குச் சலுகை. குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் கூப்பிடு தூரம், கிராமத்திலேயே தொடங்குங்கள்.

மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. என்கிற மத்திய அரசின் சுயதொழில் மானியக் கடன் திட்டத்தைக் கேளுங்கள். உற்பத்திக்கு 50 லட்சம் வரை திட்டம் போடலாம். கிராமத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீத மானியம், பி.சி., எஸ்.சி., பெண்களுக்கெல்லாம் 35. நீங்கள் 20 லட்சத்துக்குத் திட்டம் போட்டால், சொந்தக் காசு 1 லட்சம், வங்கி 19 லட்சம், மானியம் 7 லட்சம். ஆனால் அந்த 7 லட்சம் உங்கள் கைக்கு வரும் என்று நினைத்து மாமனாரிடம் சொல்லிவிடாதீர்கள். வங்கியிலேயே மூன்று வருடம் உங்கள் பெயரில் டெபாசிட்டாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது, அந்த அளவு கடனுக்கும் வட்டி போடமாட்டார்கள். மூன்று வருடம் ஒழுங்காக நடத்தினால் கடனில் கழியும்.

கேள்வி: ஒரே பெரிய ஆலைக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். ஏழு மாதமாகப் பில் பாக்கி. சண்டை போட்டால் ஆர்டர் போய்விடும். என்ன செய்ய?
(லேத் பட்டறை உரிமையாளர், வாலாஜா)

பதில்: நானும் ஒரு காலத்தில் ஒரே ஆலையை நம்பி இருந்தேன். 11 மாதம் பாக்கி நின்றபோது இரண்டு லேத்தை விற்றுச் சம்பளம் கொடுத்தேன். பெரிய லேத் லாரியில் ஏறும்போது, அதில் பதினாறு வருடம் வேலை செய்த ஆள் துணி எடுத்து லேத்தின் அடித்தளத்தைத் துடைத்துவிட்டுத்தான் ஏற்ற விட்டார்.

உத்யம் என்கிற சிறு தொழில் பதிவு இருக்கிறதா? இருந்தால், 2006 சிறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் இப்போது பிடி வைத்திருக்கிறார்கள்: சிறு தொழிலுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், வாங்கினவர் பணம் கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். புகார் கொடுக்க பயமாக இருந்தால், மார்ச் மாதம் பிறந்ததும் அவர்கள் கணக்குப் பிரிவுக்குப் போய், ஆடிட்டர் பாக்கி உறுதிக் கடிதம் கேட்கிறார் என்று பணிவாகச் சொல்லுங்கள். பாதிப் பில் நகர்ந்துவிடும், அனுபவம். மீதிக்கு, சிறு தொழில் பாக்கிகளை விசாரிக்கிற அரசு மன்றம் இருக்கிறது. அதற்குள் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்களைப் பிடியுங்கள், சின்னவர்களாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: உங்கள் ஷெட் கால்வாய் பற்றிப் போன மழைக்காலத்திலும் எழுதியிருந்தீர்கள். சரி செய்தார்களா?
(வாசகி, ஆற்காடு)

பதில்: செய்தார்கள் அம்மா. கால்வாயை இறக்கவில்லை, ரோட்டை ஏற்றிவிட்டார்கள். இப்போது ஷெட்டுக்குள் இறங்க மருமகன் இரண்டு படி கட்டியிருக்கிறான்.